கீரை, இலைக் காய்கறிகளைக் கழுவுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீரை கழுவுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் அதைப் பற்றிய சந்தேகங்கள் மட்டும் ஓய்வதே இல்லை. உப்பா, வினிகரா, எத்தனை தண்ணீர், முன்பா பின்பா என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். கீரை வகைகள், கொத்தமல்லி, புதினா, லெட்டூஸ், முட்டைக்கோஸ், வெங்காயத்தாள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இங்கே இலை என்கிறோம். முதல் கேள்வியின் பதிலை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அதைத் தொட்டே போகின்றன.

1. கீரையை எப்படித்தான் கழுவணும்? ஒரு தடவை முழுசா சொல்லிடுங்க.

முதலில் உங்கள் கை. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு கட்டைப் பிரித்து, மண் ஒட்டிய வேரை நறுக்கி எறியுங்கள். வேரோடு தண்ணீரில் போட்டால் அந்த மண் முழுவதும் இலைக்கு ஏறும். பழுத்தது, கொழகொழத்தது, பூச்சி அரித்துக் கிழிந்தது ஆகியவற்றை இப்போதே கழித்துவிடுங்கள். 250 கிராம் கீரைக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அகலமான பாத்திரம் வேண்டும். இலை தண்ணீரில் மிதந்து புரள இடம் இருக்க வேண்டும், திணித்து அமுக்கக் கூடாது.

தண்ணீரில் போட்டு அரை நிமிடம் கையால் துழாவுங்கள். பின் இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள், மண் அடியில் படியட்டும். இலையை இரண்டு கையாலும் மேலாக அள்ளி வடிகட்டிக் கூடைக்கு மாற்றுங்கள். தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் அடியை விரலால் தடவிக் கழுவி, புதுத் தண்ணீரில் மறுபடியும் இதையே செய்யுங்கள். அடியில் மண் நெருடுவது நிற்கும் வரை இது தொடரும். கடைசியாக ஒவ்வொரு பிடியாகக் குழாயடியில் விரித்துப் பிடித்து, இலையின் இரண்டு பக்கமும் விரல் படும்படி 20 முதல் 30 விநாடி கழுவுங்கள். கிருமியைக் குறைப்பதில் இந்தக் கடைசிக் கட்டம் முக்கியமானது. ஓடும் தண்ணீர் எடுத்த அழுக்கைத் திரும்பக் கொண்டுவராது.

பிறகு தண்ணீர் வடிய விட்டு, சுத்தமான உலர்ந்த துணியிலோ காகிதத் துவாலையிலோ ஒற்றி எடுங்கள். நறுக்குவது இதற்கெல்லாம் பிறகுதான்.

2. வடிகட்டியில கொட்டிட்டா தண்ணி தானே போயிடும். எதுக்குக் கையால அள்ளணும்?

இரண்டு நிமிடம் காத்திருந்து அடியில் படியவைத்த மண்ணை, பாத்திரத்தைக் கவிழ்க்கும்போது நீங்களே இலைமேல் கொட்டுகிறீர்கள். இலை வடிகட்டியில் விழுந்ததும் கடைசியாக வந்து அதன்மேல் உட்காருவது அந்தக் கலங்கல்தான். "அஞ்சு தண்ணி அலசியும் வாயில் மண் கடிக்குது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கவிழ்த்து வடிப்பவர்களே. கைப்பழக்கத்தை மாற்றினால் இரண்டு மூன்று தண்ணீரிலேயே மண் போய்விடும்.

3. எத்தனை தண்ணி அலசணும்? மூணா, அஞ்சா?

எண்ணிக்கை கணக்கில்லை, பாத்திரத்தின் அடிதான் கணக்கு. வெளிறிய நிற அடியுள்ள பாத்திரமாக இருந்தால் மண் கண்ணுக்கே தெரியும். விரல் நுனியால் தடவிப் பார்ப்பது அதைவிட நம்பகமானது. மழை நாளில் பறித்த கீரைக்கு நான்கைந்து தண்ணீர் கேட்கலாம். மண் தெறிக்காமல் வளர்ந்த லெட்டூஸுக்கு ஒன்று போதும்.

மண் போவதும் கிருமி போவதும் வேறு வேறு. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போன பிறகும் கிருமி மிஞ்சும். நன்றாகக் கழுவினால் மேற்பரப்புக் கிருமிகளில் சுமார் 90 முதல் 99 சதவீதம் குறையும். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் இலையில் பத்து லட்சம் இருந்தால், மிஞ்சுவது பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை. அதற்கு மேல் அலசிக்கொண்டே போனாலும் பலன் பெரிதாகக் கூடாது.

4. கழுவியும் கிருமி மிஞ்சும்னா, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

நோய் வருமா வராதா என்பதை உள்ளே போகும் கிருமிகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது. நூறில் ஒரு பங்காகக் குறைப்பது சின்ன விஷயமில்லை. அதோடு மண், பூச்சி, புழு முட்டை, மேற்பரப்பில் படிந்த பூச்சி மருந்து எல்லாவற்றிலும் ஒரு பங்கு போகிறது.

மிஞ்சுவது ஏன் என்றால், இலையின் மேற்பரப்பு நமக்குத் தெரிவதுபோல் வழவழப்பானது இல்லை. மூச்சுவிடும் நுண்துளைகள், நரம்புகளின் ஓரப் பள்ளங்கள், பறித்தபோது கிழிந்த விளிம்புகள் ஆகியவற்றில் பாக்டீரியா ஒதுங்கிக்கொள்கிறது. சில வகைகள் தங்களைச் சுற்றிப் பிசின் போன்ற படலத்தைக் கட்டிக்கொண்டு ஒட்டியிருக்கும். தண்ணீரின் வேகம் அங்கே எட்டாது.

எச்சரிக்கை தேவைப்படும் கிருமி ஈ.கோலை ஓ157:எச்7. இது மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் குடலில் வாழ்வது. சாணம், பாசன நீர் வழியாக இலைக்கு வரும். நூற்றுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரை நோயில் தள்ளப் போதும். 2006இல் அமெரிக்காவில் பைகளில் அடைத்து விற்ற பசலைக்கீரையால் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றது இதனால்தான். கழுவிய பிறகே பையில் போன கீரை அது. ஆகவே கழுவுதல் முதல் தடுப்பு. பச்சையாகச் சாப்பிடாத இலைக்கு அடுப்புச்சூடு இரண்டாவது தடுப்பு.

5. எப்படியும் கொதிக்கத்தானே வைக்கப்போறோம். கழுவாம போட்டா என்ன?

கிருமியைப் பொறுத்தவரை கேள்வியில் நியாயம் இருக்கிறது. உட்பகுதி வரை 75 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நோய் தரும் பாக்டீரியாக்களான ஈ.கோலை, சால்மோனெல்லா, லிஸ்டீரியா மூன்றும் இறந்துவிடும். மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்குச் சூடு இன்னும் அதிகம் வேண்டும், 85 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடமாவது. நன்றாகக் கொதித்த கீரையில் அதுவும் பிழைக்காது. அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியில் தூவும் கொத்தமல்லி, புதினா இந்தக் கணக்கில் வராது. அது பச்சை இலைதான்.

சூடு செய்யாத வேலைகளும் உண்டு. மண் வேகாது. மருந்து எச்சம் முழுவதும் கொதியில் சிதைந்துவிடாது. மண்ணில் இயல்பாக வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். சமைத்த கீரையை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடி வைத்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். ஆகவே மண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லையேல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். தவிர, கழுவாத இலை அடுப்புக்குப் போகும் முன் கத்தி, பலகை, கை எல்லாவற்றையும் தொட்டுவிட்டே போகிறது.

6. நறுக்கிட்டுக் கழுவறது சுலபமா இருக்கே. அதுல என்ன தப்பு?

வெட்டிய ஒவ்வொரு விளிம்பும் ஒரு திறந்த வாய். வெளியே இருந்த கிருமி உள்ளே போக அதுவே வழி. அங்கிருந்து கசியும் சாறு கிருமிக்கு உணவும் ஆகிறது. கத்தியும் வெளிப்பக்க அழுக்கை உள்ளே இழுத்துச் செல்லும். இன்னொரு பக்கம், தண்ணீரில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட் போன்றவை அந்த விளிம்புகள் வழியே வெளியேறும். நறுக்கிய கீரை அலசிய தண்ணீர் பச்சையாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நறுக்கிய பிறகுதான் மண் தெரிந்தது என்றால் என்ன செய்வது? குழாயடியில் சட்டென்று ஒரு முறை அலசி, அன்றே நன்றாக வேகவைத்துவிடுங்கள். ஊறவைக்க வேண்டாம். வெங்காயத்தாள், லீக் போன்றவற்றில் மண் உள்மடிப்பில் சிக்கியிருக்கும். அவற்றை நீளவாக்கில் பிளந்து, மடிப்புகளை விரித்துக் குழாயடியில் கழுவுவதைத் தவிர வழியில்லை. இது விதிவிலக்கு.

7. உப்புத் தண்ணியில ஊற வெச்சா கிருமி செத்துடும்ங்கறாங்களே?

உப்பு பூச்சிக்கு, கிருமிக்கு இல்லை. ஒரு லிட்டருக்கு 20 கிராம், அதாவது தலை தட்டிய மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக உப்பு கரைத்து 10 முதல் 15 நிமிடம் வைத்தால், காலிஃபிளவர், முட்டைக்கோஸ், அடர்ந்த கீரைக் கட்டுகளில் ஒளிந்திருக்கும் புழுக்களும் அசுவினிப் பூச்சிகளும் பிடியை விட்டு மேலே மிதக்கும். அந்த வேலைக்கு உப்பு நல்ல துணை.

பாக்டீரியாவைக் கொல்ல 2 சதவீத உப்பு போதாது. கொல்லும் அளவுக்கு உப்பைக் கூட்டினால் இலை உண்ணவே லாயக்கில்லாமல் போகும். பூச்சி போன பிறகு கேள்வி 1இல் சொன்ன குழாயடிக் கழுவல் கட்டாயம்.

8. வினிகர், பேக்கிங் சோடா? ரெண்டையும் கலந்தா இன்னும் நல்லதா?

கலக்காதீர்கள். ஒன்று அமிலம், மற்றது காரம். நுரை பொங்கும்போது ஒன்றையொன்று சமன்செய்து இரண்டும் வலுவிழக்கின்றன. நுரை பார்க்க வேலை நடப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

வினிகர் பாக்டீரியாவைக் குறைக்கும், அது உண்மை. கடையில் கிடைக்கும் 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, 5 முதல் 10 நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு இதைச் செய்வதில் அர்த்தம் உண்டு. விலையாக, மெல்லிய இலைகள் துவளும், புளிப்பு வாசம் தங்கும். வேகவைக்கப் போகும் கீரைக்கு இது வீண் செலவு.

பேக்கிங் சோடாவின் பெருமை மருந்து எச்சத்தை வைத்து வந்தது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆப்பிளில் செய்த ஆய்வில், 1 சதவீத சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது இரண்டு பூச்சிக்கொல்லிகள் மேற்பரப்பிலிருந்து நீங்கின. தோலுக்குள் இறங்கியிருந்த பங்கை அதனால் எடுக்க முடியவில்லை. ஆப்பிள் தோல் கெட்டியானது, மெழுகு படிந்தது. கீரை இலை அப்படி இல்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சோடா போட்டு ஊறவைப்பதால் கெடுதல் எதுவும் வராது, ஆப்பிளில் கிடைத்த பலனை மட்டும் அப்படியே எதிர்பார்க்காதீர்கள். சோடாத் தண்ணீர் கிருமிநாசினியும் இல்லை.

9. பாத்திரம் விளக்கற சோப்பு ஒரு சொட்டு விட்டா நல்லா போகுமே?

வேண்டாம். இலையின் நுண்துளைகளும் மடிப்புகளும் சோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு அலசினாலும் முழுதாக வராது. வயிற்றுக்குள் போனால் குமட்டல், வயிற்றுப்போக்கு. காய்கறி கழுவவென்றே விற்கும் திரவங்களில் சோப்பு அளவு ஆபத்து இல்லை. ஆனாலும் ஓடும் தண்ணீரை அவை பெரிதாக மிஞ்சுவதில்லை. அந்தக் காசுக்கு அகலமான ஒரு பாத்திரம் வாங்கலாம்.

10. பெரிய நிறுவனங்கள் குளோரின் போட்டுத்தானே கழுவறாங்க? நாமும் பிளீச் போடலாமா?

அவர்கள் எதற்குப் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டன் கணக்கில் இலை ஒரே தொட்டித் தண்ணீரில் புரளும்போது, ஒரு செடியின் கிருமி தண்ணீர் வழியாக மற்ற எல்லாவற்றுக்கும் பரவும். குளோரினின் முதல் வேலை அந்தத் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது. இலையில் ஒட்டியிருப்பதைக் கொல்வது அதற்கு அடுத்துதான், அதிலும் அதன் வெற்றி கேள்வி 3இல் சொன்ன கணக்கை அதிகம் தாண்டுவதில்லை. வீட்டில் ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றுகிறோம், கடைசியில் ஓடும் நீரில் கழுவுகிறோம். தொட்டியின் சிக்கல் நமக்கு இல்லவே இல்லை.

தண்ணீர் நம்பகமில்லாத இடங்களில், உணவுக்குப் பயன்படுத்தலாம் என்று லேபிளில் எழுதியிருக்கும் குளோரின் பொருள் உதவும். லேபிளில் உள்ள அளவும் நேரமும்தான் விதி. ஒரு குறிப்புக்காக: 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் தரும் கரைசல்) 1 மி.லி.யை ஒரு லிட்டரில் கலந்தால் சுமார் 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு, வரும். வாசனையோ நிறமோ சேர்த்த வீட்டு பிளீச் இதற்கு ஆகாது. மண் இருக்கும் இலையில் குளோரின் மண்ணோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், ஆகவே முதலில் மண் போக வேண்டும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

11. நல்லா கழுவினா பூச்சி மருந்து முழுசா போயிடுமா?

முழுதாக இல்லை. இலைமேல் படிந்து நிற்கும் வகை மருந்தில் கணிசமான பங்கு ஓடும் நீரிலும் விரல் தேய்ப்பிலும் போகும். வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடிக்குள் பரவும் வகை இலையின் சாற்றிலேயே இருக்கிறது. அதை எந்தக் கரைசலும் கழுவி எடுக்காது. உப்பு, வினிகர், சோடா எதைக் காட்டி யார் "100 சதவீதம் நீங்கும்" என்றாலும் நம்ப வேண்டாம்.

உள்ளே பரவும் வகைக்கான பாதுகாப்பு வயலில் இருக்கிறது: மருந்தடித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற கெடுவை விளைவிப்பவர் மதிக்க வேண்டும். வீட்டில் உங்களால் முடிந்தது, வெளி இலைகளைக் கழிப்பது, ஒரே வகைக் கீரையையே தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குவது, வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது. மூன்றாவதில் சத்தும் கூடவே போகும், எது வேண்டும் என்பது உங்கள் முடிவு.

12. இது இயற்கை உரத்துல வளர்ந்தது, எங்க வீட்டுத் தோட்டத்துக் கீரைதான். சும்மா அலசினா போதும்ல?

மருந்து பற்றிய கவலை குறையலாம், கிருமி பற்றிய கவலை குறையாது. சாணமும் எருவும் ஈ.கோலை, சால்மோனெல்லா, புழு முட்டைகள் வரும் நேர்வழி. முறையாக மட்காத சாணம் போட்ட மண்ணில் இலை தரையைத் தொட்டு வளர்கிறது என்றால், போட்ட நாளிலிருந்து அறுவடை வரை 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை விவசாய விதி. கீரையோ பல வகைகளில் 30, 40 நாளில் கைக்கு வந்துவிடும். ஆகவே கீரைப் பாத்திக்குப் பச்சைச் சாணம் பொருந்தாது, சூடேறி முழுதாக மட்கிய உரம் மட்டுமே சரி.

குளியலறை, சமையலறைக் கழிவுநீரை இலைமேல் படும்படி ஊற்றாதீர்கள். பூனை, கோழி, எலி நடமாடும் பாத்தி என்றால் கழுவுவதில் இன்னும் கவனம். மற்றபடி முறை கேள்வி 1இல் உள்ளதுதான், சலுகை எதுவும் கிடையாது.

13. வெந்நீர்ல கழுவினா நல்லதா? இல்ல ஐஸ் தண்ணியா?

சாதாரணக் குழாய்த் தண்ணீர். கை பொறுக்கும் வெந்நீர் கிருமியைக் கொல்லாது, இலையை மட்டும் வதக்கும்.

வெயிலில் பறித்த சூடான இலையை உடனே ஐஸ் தண்ணீரில் முக்குவதும் கூடாது. இலைக்குள் இருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கும்போது, வெளித் தண்ணீரை அதில் உள்ள கிருமியோடு சேர்த்துத் துளைகள் வழியே உள்ளே இழுக்கும். நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள். வாடிய கீரை குளிர்ந்த நீரில் நிமிர்ந்து நிற்பது நீர் ஏறியதால்தான். பார்க்கப் புதிதாக இருக்கும், வயது குறையாது.

14. முட்டைக்கோஸ் உள்ளே சுத்தமாத்தானே இருக்கும்? அதைக்கூட இதழ் இதழா பிரிக்கணுமா?

வெளி இலைகள் இரண்டு மூன்றை எறிந்துவிடுங்கள். கைகளும் மண்ணும் மருந்தும் அதிகம் பட்டவை அவையே. இறுக்கமான கோஸை அதன்பின் முழுதாகக் குழாயடியில் தேய்த்துக் கழுவி நறுக்கலாம். வெட்டும்போது உள்ளே புழு எச்சமோ ஓட்டையோ தெரிந்தால் இதழ்களைப் பிரித்துக் கழுவ வேண்டும். லெட்டூஸ் அவ்வளவு இறுக்கமாக இருக்காது. அதன் அடித்தண்டை வெட்டி எப்போதும் இதழ்களைப் பிரித்தே கழுவுங்கள், மண் தங்குவது இதழ் தண்டோடு சேரும் குழியில்தான்.

15. வாங்கின உடனே கழுவி ஃபிரிஜ்ல வைக்கலாமா, சமைக்கும்போது கழுவணுமா?

சமைக்கும் முன் கழுவுவதே எளிய வழி. ஈரத்தோடு மூடி வைத்த இலை இரண்டு நாளில் கொழகொழக்கும். வாங்கியதும் அழுகியதைப் பொறுக்கி எடுத்து, ரப்பர் வளையமோ கயிறோ கட்டியிருந்தால் அவிழ்த்து, காகிதத்திலோ துணியிலோ சுற்றி வையுங்கள். கட்டு இறுகிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். பச்சை இறைச்சி, மீனுக்குக் கீழே வைக்கக் கூடாது. ஒரு சொட்டு ஒழுகினாலும் பச்சையாகச் சாப்பிடும் இலை கெட்டது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே கழுவி வைப்பது வசதி என்பதும் புரிகிறது. அப்படியானால் உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. சுழற்றி நீர் இறக்கும் கூடை இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இரண்டு முறை சுற்றுங்கள். இல்லையேல் துணியில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஈரம் தெரியாமல் போகும் வரை வையுங்கள். பிறகு உலர்ந்த துணி விரித்த டப்பாவில் தளர்வாகப் போட்டு, 5 டிகிரிக்குக் கீழே வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். நறுக்கியதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். குளிர்ப்பெட்டியை முழுதாக நம்பவும் வேண்டாம், லிஸ்டீரியா அந்தக் குளிரிலும் மெதுவாக வளரும்.

16. "கழுவியது, அப்படியே சாப்பிடலாம்"னு போட்ட பாக்கெட்டையும் கழுவணுமா?

அப்படித் தெளிவாக எழுதியிருந்தால், தேதி தாண்டாமல், பை உப்பாமல், குளிரில் வைத்து விற்றதாக இருந்தால் மறுபடி கழுவத் தேவையில்லை. மிஞ்சிய கிருமியை வீட்டுத் தண்ணீர் பெரிதாகக் குறைக்காது. மாறாக உங்கள் கை, பாத்திரம், பலகையிலிருந்து புதிதாக எதையாவது ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு. வெறும் "புதியது", "சுத்தம் செய்யப்பட்டது" என்று மட்டும் போட்டிருந்தால் கழுவுங்கள்.

17. சிங்க்கையே அடைச்சுத் தண்ணி நிரப்பிக் கழுவலாமா? நிறைய கீரை இருக்கு.

வேண்டாம். வீட்டில் கிருமி அதிகம் தங்கும் இடங்களில் சமையலறைத் தொட்டி ஒன்று, அதிலும் அதன் வடிகுழாய் வாய். இறைச்சி கழுவிய தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். தனிப் பாத்திரம் வையுங்கள், கீரை நிறைய இருந்தால் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். வேலை முடிந்ததும் பாத்திரம், வடிகட்டி, சுழல் கூடை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கை துடைக்கும் துணியால் இலையை ஒற்றாதீர்கள்.

18. எங்க தண்ணியே குடிக்க லாயக்கில்லை. அதுல கழுவினா என்ன பிரயோஜனம்?

மண் எடுக்கும் முதல் தண்ணீருக்கு அதைப் பயன்படுத்தலாம், சமைக்கப் போகும் கீரையாக இருந்தால். கடைசி அலசல் மட்டும் குடிக்கத் தகுந்த தண்ணீரில் இருக்க வேண்டும்: கொப்புளமிட்டு ஒரு நிமிடம் கொதித்து மூடி ஆறியது, 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். அதைக் குவளையால் இலைமேல் ஊற்றிக் கழுவுங்கள், குழாய் ஓடுவதற்கு அதுவே மாற்று. பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு முதல் அலசலிலிருந்தே நல்ல தண்ணீர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் அன்றைக்கு வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

19. இலையில் குட்டி நத்தை இருந்தது. எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடலாமா?

பச்சையாக வேண்டாம். சில நாடுகளில் நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் எலி நுரையீரல் புழுவின் இளம்பருவத்தைச் சுமக்கின்றன. மனிதருக்குள் போனால் அது மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும். ஒரு நத்தை கண்ணில் பட்டால், நகக்கண் அளவுகூட இல்லாத இன்னொன்று மடிப்பில் இருக்கலாம். கையுறை போட்டோ காகிதத்தால் பிடித்தோ எடுத்தெறிந்து, இலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழுவி, 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவைத்துச் சாப்பிடுங்கள். தொட்ட கையை உடனே கழுவுங்கள்.

20. முளைகட்டின பயறையும் இதே மாதிரி கழுவினா போதுமா?

போதாது. இலையில் கிருமி பெரும்பாலும் வெளியே இருக்கும், முளையில் விதைக்குள்ளேயே இருக்கலாம். முளைவிடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகவும் பொருத்தமானவை. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை ஓ104:எச்4 பரவி 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூலம் வெந்தய முளை. கழுவுங்கள், ஆனால் பாதுகாப்பு வேகவைப்பதில்தான்.

21. கர்ப்பமா இருக்கறவங்க பச்சைக் கீரை, சாலட் சாப்பிடலாமா?

வீட்டில் கேள்வி 1இன்படி கழுவிய புது லெட்டூஸ், முட்டைக்கோஸைப் பெரும்பாலான மருத்துவர்கள் முழுதாகத் தடுப்பதில்லை. தவிர்க்க வேண்டியவை முளைகள், எப்போது நறுக்கியது என்று தெரியாத சாலட், கழுவாத மூலிகைத் தழை. காரணங்கள் இரண்டு: கருவைப் பாதிக்கும் லிஸ்டீரியா, பூனைக் கழிவு கலந்த மண் வழியாக வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் பச்சை இலை சாப்பிட வேண்டாம். வெந்த கீரை இவர்கள் எல்லோருக்கும் நல்லது.

22. ஓசோன் மெஷின் வாங்கலாமா?

நமது கருத்து: அவசியமில்லை. ஓசோன் கிருமியைக் கொல்லக்கூடியதுதான், ஆனால் தண்ணீரில் எவ்வளவு கரைகிறது, எத்தனை நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்து. வீட்டுக் கருவிகளில் இது கருவிக்குக் கருவி மாறும், அளக்க உங்களிடம் வழியும் இல்லை. மூடிய சமையலறையில் வெளியேறும் ஓசோன் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சைப் பிடிக்கும். ஓடிய பிறகு தண்ணீரில் மிதக்கும் பழுப்பு நுரையைக் காட்டி "பார், மருந்து வெளியே வந்துவிட்டது" என்பார்கள். இலையிலிருந்து பிரிந்த சாறும் மெழுகும் காற்றுக் குமிழிகளில் அடிபட்டாலும் நுரை வரும்.

23. கட்டுல கொஞ்சம் மட்டும் அழுகியிருக்கு. மிச்சத்தைக் கழுவிப் பயன்படுத்தலாமா?

நான்கைந்து இலை மட்டும் என்றால் அவற்றோடு ஒட்டியிருந்தவற்றையும் சேர்த்துக் கழித்து, மீதியைக் கழுவி அன்றே வேகவையுங்கள். பச்சையாக வேண்டாம். கட்டின் நடுப்பகுதி முழுதும் கொழகொழத்து வாடை வந்தால் மொத்தத்தையும் எறியுங்கள்.

24. குறிப்பிட்ட ஒரு கீரை வகையைச் சாப்பிட வேண்டாம்னு அரசு எச்சரிக்கை வந்திருக்கு. நல்லா கழுவி வேகவெச்சா பரவாயில்லையா?

எறிந்துவிடுங்கள். கேள்வி 4இல் பார்த்ததுபோல் மிகச் சில கிருமிகளே போதுமான நோய்கள் உண்டு. அந்த இலையைக் கழுவ எடுக்கும்போதே தொட்டி, பலகை, கை வழியாக மற்ற உணவுக்கும் அது போய்ச் சேரும். பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டு, அது இருந்த குளிர்ப்பெட்டித் தட்டைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். வெள்ளநீர் தொட்ட கீரைக்கும் இதே பதில். சாக்கடையும் ரசாயனமும் கலந்த அந்த நீரைக் கழுவி எடுக்க முடியாது. பாத்தியில் நின்றபடி முழுகிய செடியையும் பறித்துச் சமைக்க வேண்டாம்.